கல்லூரியில் ஜப்பானிய மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொறியியலோ கலை அறிவியலோ படித்துக்கொண்டே, ஒரு சொல்கூடத் தெரியாத நிலையில் ஜப்பானியத்தைத் தொடங்கும் தமிழ் மாணவர்களுக்காக எழுதியது. ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது அடையாளம் காட்ட மட்டும்தான். உங்கள் நோட்டில் அப்படி எழுதிப் படிக்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

எந்த செமஸ்டரில் தொடங்குவது நல்லது?

எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள். என்5 அடிநிலை, என்1 உச்சி. 2010-க்கு முன்பு தேர்வு நான்கு நிலையாக இருந்தது. அப்போது அடிநிலைக்கு 150 மணி நேரம், அடுத்ததற்கு 300, அதற்கும் மேலே 600, உச்சிக்கு 900 என்று படிப்பு நேரத்தை அறிவித்திருந்தார்கள். முந்தைய நிலைகளின் நேரமும் சேர்ந்த மொத்தக் கணக்கு இது. இன்றைய என்5-க்கு 150, என்4-க்கு 300 என்று வைத்துக்கொள்ளலாம். என்3 என்பது 300-க்கும் 600-க்கும் நடுவே புதிதாக நுழைத்த நிலை.

நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் என்5-க்கு ஐந்து மாதம். உள்தேர்வு, ஆய்வகப் பதிவேடு, கல்லூரி விழா எல்லாவற்றையும் கழித்தால் ஏழு மாதம் ஆகும். ஏழாவது செமஸ்டரில் வேலைவாய்ப்பு முகாம் வரும்போது கையில் என்3 வேண்டும் என்றால் மூன்றாவது செமஸ்டருக்குள் தொடங்கியாக வேண்டும். இறுதியாண்டில் தொடங்கி என்5 மட்டும் வாங்கினால் அது பயோடேட்டாவில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ஜூலைத் தேர்வா, டிசம்பர்த் தேர்வா?

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். சென்னை ஒரு தேர்வு மையம். அங்கே தேர்வை நடத்துவது ஏபிகே-ஏஓடிஎஸ் தோசொகாய் தமிழ்நாடு மையம். வகுப்புகளும் அங்கே உண்டு.

முதல் தேர்வுக்கு எங்கள் ஓட்டு ஜூலைக்குத்தான். நவம்பர்–டிசம்பரில் செமஸ்டர்த் தேர்வு நடக்கும் கல்லூரிகளில் டிசம்பர் ஜே.எல்.பி.டி. அதற்கு நடுவே வந்து விழும். திங்கட்கிழமை கணிதத் தாளை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்டல் பகுதியில் கவனம் வைக்க முடியாது. ஜூலைக்கு என்றால் மே மாதத் தேர்வு முடிந்தபின் ஜூன் முழுக்கக் கிடைக்கிறது. ஆனால் விண்ணப்பம் மூன்று, நான்கு மாதம் முன்பே திறந்து மூடிவிடும். ‘மேயில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பவர்கள் டிசம்பருக்குத்தான் போவார்கள்.

எழுத்துகளைக் கற்க எவ்வளவு நாள் ஆகும்?

ஒலியைக் குறிக்கும் எழுத்து இரண்டு வகை, சேர்த்துக் ‘கானா’ என்பார்கள். ஹிராகானாவில் அடிப்படை எழுத்து 46, கதகானாவில் அதே ஒலிகளுக்கு இன்னொரு 46. ஹிராகானாவுக்கு ஒரு வாரம், கதகானாவுக்குப் பத்து நாள் போதும். கதகானா குறைவாகக் கண்ணில் படுவதால் மெதுவாகத்தான் ஒட்டும்.

வரிசை தமிழருக்குப் புதிதல்ல. உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. மெய் வரிசை: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அந்த ‘ஹ’ ஒருகாலத்தில் ‘ப’ ஒலியாக இருந்தது. அதை ‘ப’ என்று வைத்துப் பாருங்கள், க ச த ந ப ம ய ர வ என்று நம் நெடுங்கணக்கே நிற்கும். பௌத்தத் துறவிகள் வழியே போன இந்திய எழுத்து வரிசை அது. அகராதியில் சொல் தேட இந்த வரிசை உடனே கைகொடுக்கும்.

எல்லோரும் தடுக்கி விழுவது கதகானாவின் ‘ஷி’–‘ட்சு’ இணையிலும் ‘சொ’–‘ன்’ இணையிலும். வடிவத்தை உற்றுப் பார்த்துப் பயனில்லை. பேனா எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். ‘ஷி’யில் இரண்டு குறுங்கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், நீளக்கோடு கீழிருந்து மேலே ஏறும். ‘ட்சு’வில் குறுங்கோடுகள் மேலே பக்கம் பக்கமாக நிற்கும், நீளக்கோடு மேலிருந்து கீழே இறங்கும். ‘ன்’ ஏறும், ‘சொ’ இறங்கும். ஒவ்வொன்றையும் இருபது முறை சரியான திசையில் எழுதினால் குழப்பம் தீர்ந்துவிடும். செயலியில் தட்டி மட்டும் படித்தவர்களுக்கு இது என்4 வரை தொடர்ந்து வரும்.

தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிப் படித்தால் என்ன?

முதல் ஒரு வாரம் பரவாயில்லை. அதற்கு மேல் கெடுதல். தேர்வுத்தாளில் ஆங்கில எழுத்து இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ் எழுத்தில் இருக்கிறது. சீத்தாப்பழ அளவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பழம் ஜப்பானில் உண்டு. அதன் பெயரும் ‘சாவி’ என்பதற்கான சொல்லும் தமிழில் ஒரே மாதிரி ‘ககி’ என்றுதான் வரும். முதலாவதில் நடு எழுத்து ‘பக்கம்’ என்பதில் வரும் வல்லொலி, ஆனால் ஒற்றையாக. இரண்டாவதில் ‘தங்கம்’ என்பதில் வரும் மெல்லிய ஒலி. நூலும் கிணறும் இப்படியே, இரண்டுமே ‘இதொ’.

அப்படியானால் உச்சரிப்பில் தமிழர் செய்யும் தவறு அதுதானா?

அதுதான் முதல் தவறு, அது இரண்டு பக்கமும் வெட்டும். தமிழில் உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் க, த, ப தானாக மென்மையாகிவிடும் (அகம், பதம்). வல்லொலி வேண்டுமென்றால் இரட்டிக்கிறோம் (அக்கம், பத்து). ஜப்பானியத்தில் ஒற்றையும் வல்லொலியாக வரும், இரட்டையும் தனியாக வரும். ‘கத’ என்றால் தோள். ‘கத்த’ என்றால் வாங்கிய, அல்லது வென்ற. தமிழ் நாக்கு ‘தோளை’ மென்மையாக்கிவிடும். ஆசிரியர் திருத்தியதும் வேகமாக இரட்டித்து ‘வாங்கிய’ ஆக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே நிற்கப் பழக வேண்டும். வழி: கையால் தாளம் போடுங்கள். ‘கத’ இரண்டு தட்டு. ‘கத்த’ மூன்று தட்டு, நடுத்தட்டில் மூச்சு நிற்கும்.

இரண்டாவது, ‘ட’. டோக்கியோ, டொயோட்டா என்று செய்தித்தாளில் பார்த்துப் பழகியதால் நாக்கை மடித்து ‘டெஸ்’ என்கிறோம். நாக்கு மடியவே கூடாது, ‘த’ தான் நெருக்கம். அந்தச் சொல்லின் ஈற்று உகரமும் பெரும்பாலும் கேட்காது: ‘தெஸ்’.

குறில் நெடிலில் மட்டும் நமக்கு இலாபம். ‘ஒபஸன்’ அத்தை, ‘ஒபாஸன்’ பாட்டி. ஆங்கிலம் பேசுபவர் மாதக்கணக்கில் திணறும் இந்த வேறுபாடு நம் காதுக்கு முதல் நாளே பிடிபடும்.

இலக்கணத்தை ஆங்கில விளக்கத்தில் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பாடநூல் அரைப்பக்கம் விளக்கும் விஷயம் தமிழில் பெரும்பாலும் ஒரு சொல்லில் முடியும்.

எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை அப்படியே பொருந்தும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும்: ‘ஒ’ என்பது ஐ, ‘கரா’ என்பது இருந்து, ‘நொ’ என்பது உடைய. ‘மொ’ என்பது உம். யாரும் வரவில்லை என்பதில் ‘யார்’ கூட ‘உம்’ சேர்வதுபோல அங்கே ‘தரெ மொ’. ‘தொ’ என்பது என்று: ‘போகவேண்டும் என்று சொன்னார்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றலாம், ஆங்கிலம் போலக் காலத்தைப் புரட்ட வேண்டியதில்லை. நேற்று வாங்கிய புத்தகம், ‘கினோ கத்த ஹொன்’. பெயரெச்சம் பெயருக்கு முன்னால்.

உச்சமான ஒற்றுமை வினையெச்சத்தில். ஜப்பானியத்தின் ‘தெ’ வடிவம் நம் ‘செய்து’ தான். ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு. ‘மிரு’ என்றால் பார். ‘தபெதெ மிரு’ சாப்பிட்டுப் பார். ‘ஒகு’ என்றால் வை. ‘கத்தெ ஒகு’ வாங்கி வை. ‘ஷிமவு’ சேர்ந்தால் நம் ‘விடு’: சாப்பிட்டுவிடு. இந்தத் துணைவினைகளை ஆங்கிலத்தில் படிப்பவருக்கு ஒவ்வொன்றும் தனிப் பாடம்.

ஒன்றை நெருங்கிப் பாருங்கள். ‘கிதெ இரு’. ‘தெ இரு’ என்றால் நடந்துகொண்டிருக்கிறது என்று ஆங்கில வழியில் படித்தவர் இதற்கு ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்று பொருள் எடுத்துத் தவறு செய்வார். உண்மையில் அது ‘வந்திருக்கிறார்’. ஆள் இங்கே இருக்கிறார். கல்யாணம் ஆகியிருக்கிறது, தெரிந்திருக்கிறது என்பவையும் இதே வார்ப்பு. தமிழில் யோசித்தவருக்கு விளக்கமே தேவைப்படாது.

தொல்காப்பியம் படித்தவர்களுக்கு ஒரு கொசுறு. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்று அதில் வரையறை உண்டு. இன்றைய பேச்சில் நாம் அதைத் தளர்த்திவிட்டோம். ஜப்பானியத்தில் அதே மாதிரிப் பிரிவு இன்றும் கறாராக இருக்கிறது: என் பக்கம் வந்தால் ‘குரெரு’, என்னிடமிருந்து பிறருக்குப் போனால் ‘அகெரு’. தரு, கொடு என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

சுட்டும் அப்படியே: கொரெ, சொரெ, அரெ, தொரெ. இது, உது, அது, எது. கேட்பவர் அருகில் இருப்பதற்கு ‘உது’ என்று சொல்லும் யாழ்ப்பாணத்து மாணவருக்கு ‘சொரெ’ இயல்பாக வரும். தமிழ்நாட்டு மாணவர் ‘சொரெ’ இடத்தில் ‘அரெ’ போட்டுவிடுவார்.

தமிழ் எங்கே காலை வாரிவிடும்?

நான்கு இடத்தில்.

‘இல்’ உருபு. கல்லூரியில் இருக்கிறேன், கல்லூரியில் படிக்கிறேன், நமக்கு இரண்டும் ‘இல்’. அங்கே இருப்புக்கு ‘நி’, செயலுக்கு ‘தெ’ (தபெதெ, கிதெ என்பவற்றில் வந்த வினையெச்ச ஈறு வேறு, இந்த உருபின் ஒலி மென்மையானது). என்5 தாளில் இதைச் சோதிக்கும் கேள்வி தவறாமல் எதிர்பார்க்கலாம்.

‘எனக்கு’. எனக்கு இட்லி பிடிக்கும் என்பதில் இட்லிக்கு ஐ வராது. அங்கேயும் ‘ஒ’ வராது, ‘க’ என்ற எழுவாய் உருபு வரும், அது சரி. ஆனால் ‘எனக்கு’ என்பதை அப்படியே ‘வதஷி நி’ என்று பெயர்த்தால் தவறு, ‘வதஷி வ’ தான். இந்த ‘வ’ எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று காட்டும் தலைப்பு உருபு.

‘நீங்கள்’. மரியாதை என்று நினைத்து எல்லாரையும் ‘அனதா’ என்று அழைக்கிறார்கள். ஆசிரியரிடமோ நேர்காணல் எடுப்பவரிடமோ அது மரியாதைக் குறைவு. பெயரோடு ‘சன்’ அல்லது ‘சென்செய்’ சேருங்கள், அல்லது எழுவாயையே விட்டுவிடுங்கள்.

பெயரடை. ‘சூடாக இருந்தது’ என்று நாம் ‘இரு’வைத் திரிக்கிறோம். அங்கே ஒருவகைப் பெயரடையே காலம் காட்டும்: ‘அட்சுய்’ சூடு, ‘அட்சுகத்த’ சூடாக இருந்தது. சூடு என்ற சொல்லை அப்படியே வைத்து, ‘தெஸ்’ என்பதன் இறந்தகாலமான ‘தெஷ்த’ சேர்ப்பது நம் வழக்கமான பிழை.

பலர் பாதியில் நிற்பது எங்கே?

‘தெ’ வடிவத்தில். கருத்து எளிது, உருவாக்கம்தான் சிக்கல். சென்னை வகுப்புகளில் பரவலாகப் பயன்படும் ‘மின்னா நொ நிஹொங்கொ’ பாடநூலில் இது 14-வது பாடம். முதல் 25 பாடம் ஏறக்குறைய என்5, 26 முதல் 50 வரை என்4. அதுவரை எல்லா வினையும் ‘மஸ்’ என்று முடிந்து சாதுவாக இருக்கும். 14-ல் திடீரென்று வினைகள் மூன்று குழுவாகப் பிரியும். முதல் குழுவில் உ, ட்சு, ரு என முடிந்தால் ‘த்தெ’. மு, பு, நு என்றால் ‘ன்’ என்பதோடு மெல்லிய ‘தெ’. கு என்றால் ‘இதெ’. சு என்றால் ‘ஷிதெ’. ‘போ’ என்ற வினை மட்டும் விதிவிலக்கு.

பட்டியலை வெறித்துப் பார்த்து மனப்பாடம் ஆகாது. இருபது வினையைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கலைத்துப்போட்டு, பார்த்ததும் ஒரு நொடிக்குள் வாயால் சொல்லும்வரை தினமும் ஐந்து நிமிடம் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் வந்துவிடும். 19-வது பாடத்தில் வரும் இறந்தகால வடிவத்துக்கு இதே விதிகள்தான், ‘தெ’ போய் ‘த’ வரும். இங்கே சிந்திய வியர்வை வீணாகாது.

காஞ்சி எத்தனை தெரிந்திருக்க வேண்டும்?

காஞ்சி என்பது சீனத்திலிருந்து வந்த எழுத்துரு. நம் பட்டு நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2010-க்குப் பிறகு அதிகாரப்பூர்வப் பட்டியல் வெளியாவதில்லை. பழைய கணக்கில் அடிநிலைக்கு 100 காஞ்சி, 800 சொல். அடுத்ததற்கு 300 காஞ்சி, 1500 சொல். ஜப்பானில் பொதுப் பயன்பாட்டுக்கு வரையறுத்தவை 2136.

மூன்று மரம் போட்டால் காடு என்று படம் காட்டிச் சொல்லும் காணொளிகள் முதல் சில டஜன் வரைதான் உதவும். மீதியில் பெரும்பாலானவை பொருளுக்கு ஒரு பகுதி, ஒலிக்கு ஒரு பகுதி என்று ஒட்டியவை.

ஒரு காஞ்சிக்கு எத்தனை ஒலி என்று அட்டவணை போட்டு நெட்டுருப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்பது ‘நிச்சியோபி’. அதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே காஞ்சி. முன்னால் ‘நிச்சி’, பின்னால் ‘பி’. தேதி சொல்லும்போது அதே எழுத்து ‘க’ ஆகும். தனியாகக் கேட்டால் யாருக்கும் குழம்பும். முழுச்சொல்லாகப் படித்தால் குழப்பமே இல்லை.

கையால் எழுத வேண்டுமா? தேர்வு முழுக்கச் சரியான விடையைக் கறுப்பாக்குவதுதான். ஆனால் முதல் நூறையாவது எழுதிப் பழகியவர், பின்னால் ஒரே மாதிரி தோன்றும் எழுத்துகளைக் குழப்பிக்கொள்வது குறைவு.

எண்களும் தேதிகளும் இவ்வளவு முக்கியமா?

கேட்டல் பகுதியில் மதிப்பெண் அதிகம் சிந்துவது இங்கேதான். நான்காம் தேதி ‘யொக்க’, எட்டாம் தேதி ‘யோக’. வேறுபாடு ஒற்று இரட்டிப்பதிலும் உயிர் நீள்வதிலும் மட்டும். முதல் பத்து நாளும், பதினான்கும் இருபதும் இருபத்து நான்கும் தனிப்பெயர் கொண்டவை. பேனா, குடை போல நீளமானதை எண்ண ‘இப்பொன், நிஹொன், சன்பொன்’, அதாவது ப, ஹ, மெல்லிய ப என்று ஒலி மாறும். தினமும் காலையில் அன்றைய தேதி, கிழமை, மணி மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேறு பயிற்சி வேண்டாம்.

தேர்வின் அமைப்பும் தேர்ச்சி மதிப்பெண்ணும்?

என்5: சொல், எழுத்து 20 நிமிடம், இலக்கணம், வாசிப்பு 40, கேட்டல் 30. மொத்தம் 180-க்கு 80 வேண்டும். அதோடு முதல் இரண்டும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38, கேட்டலில் 60-க்கு 19 தனித்தனியே வேண்டும். என்4-க்கு நேரம் 25, 55, 35 நிமிடம், தேர்ச்சிக்கு மொத்த மதிப்பெண் 90, பகுதி வரம்பு அதேதான். மொத்தத்தில் 110 வாங்கியும் கேட்டலில் 18 என்றால் தோல்வி. பேசிக் காட்டுவதும் கையால் எழுதுவதும் இதில் கிடையாது.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். கடைசிப் பகுதியில் தாளில் எதுவும் அச்சாகியிருக்காது. ஒரு வாக்கியமும் மூன்று பதிலும் காதில் விழும், குறிக்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்த இரண்டையும் கோட்டைவிடுவதுதான் வழக்கமான விபத்து. தெரியாததற்கு ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள், தவறான விடைக்குக் கழிவு இல்லை. பயிற்சிக்குப் பழைய பாடத்தின் ஒலிப்பதிவையே கல்லூரிப் பேருந்தில் திரும்பத் திரும்பக் கேளுங்கள். புரிந்த ஒன்றைப் பத்துமுறை கேட்பது, புரியாத பத்தைக் கேட்பதைவிட மேல்.

அனிமே பார்த்தே கற்றுவிடலாமா?

முடியாது. காது பழகும், ஆர்வம் வற்றாது, அந்தளவுக்கு நல்லது. ஆனால் கதாபாத்திரங்கள் பேசும் முரட்டுப் பேச்சை வகுப்பில் சொன்னால் ஆசிரியர் முகம் மாறும்.

வகுப்பா, சுயமாகவா?

பணமும் நேரமும் ஒத்துவந்தால் முதல் நிலைக்கு வகுப்பு. உச்சரிப்பைத் திருத்த ஆள் வேண்டும். சுயமாக என்றால் ஜப்பான் அறக்கட்டளை இலவசமாகத் தரும் ‘இரொதொரி’ பாடநூலும் ஒலிப்பதிவும், ‘மினதொ’ இணையப் பாடங்களும் போதுமானவை. கிரெடிட் தரும் விருப்பப்பாடமாகக் கல்லூரியிலேயே ஜப்பானியம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு செமஸ்டருக்கு 45 மணி நேரப் பாடம் என்றால், அது என்5-க்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

சொல் மனப்பாடத்துக்கு ‘அன்கி’ என்ற துண்டுச்சீட்டுச் செயலி. புதுச்சீட்டு நாளுக்கு இருபது என்று அதிலேயே அமைந்திருக்கும், அதைப் பத்தாகக் குறையுங்கள். பத்து புதுச்சீட்டு என்றாலே சில வாரத்தில் மறுபார்வை தினமும் எழுபது, நூறு என்று ஏறும். இருபது வைத்தவர் உள்தேர்வு வாரத்தில் நான்கு நாள் விட்டு, ஐந்தாம் நாள் அறுநூறு சீட்டைப் பார்த்துச் செயலியையே நீக்கிவிடுவார்.

செமஸ்டர்த் தேர்வு நேரத்தில் விட்டுவிடலாமா?

புதுப்பாடத்தை விடுங்கள். புதுச்சீட்டைப் பூஜ்யமாக்குங்கள். மறுபார்வை மட்டும் பதினைந்து நிமிடம். அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் மொழிக்கு நேரமே கிடைக்காது, அதனால் இதில் வீராப்பு வேண்டாம்.

என்5-க்கு வேலை கிடைக்குமா?

என்5-ஐ மட்டும் நம்பினால் இல்லை. என்3-லிருந்து பேச்சு தொடங்கும், மொழியே வேலை என்றால் என்2. ஜப்பானின் உயர்திறன் பணியாளர் விசா புள்ளிக் கணக்கில்கூட என்2-க்கு 10, என்1-க்கு 15, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. முதியோர் பராமரிப்பு, உணவகம் போன்ற துறைகளுக்கான குறிப்பிட்ட திறன் விசா வேறு கணக்கு. அதற்கான ஒப்பந்தத்தில் இந்தியா 2021 ஜனவரியில் கையெழுத்திட்டது. அதற்கு என்4, அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற கணினித் தேர்வில் 250-க்கு 200 போதும். அந்தந்தத் துறையின் திறன் தேர்வு தனி, பராமரிப்புப் பணிக்கு இன்னொரு மொழித்தேர்வும் உண்டு.

தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்கிறார்களே?

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் தொடர்பு காட்டிப் பல ஆண்டுகள் எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பது கொரிய மொழிக்கும் துருக்கிக்கும்கூட உண்டு. படிப்புக்கு அந்த ஒற்றுமையைப் பயன்படுத்துங்கள், நேர்காணலில் குடும்ப வரலாறு பேச வேண்டாம்.

கணினியில் எப்படித் தட்டச்சு செய்வது?

ஜப்பானிய உள்ளீட்டைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டினால் கானாவாக மாறும். மூன்று இடத்தில் சிக்கும். ‘வ’ என்று ஒலிக்கும் தலைப்பு உருபை ‘ஹ’ என்று தட்ட வேண்டும். ‘எ’ என்று ஒலிக்கும் திசை உருபை ‘ஹெ’ என்று. ‘ஒ’ என்று ஒலிக்கும் செயப்படுபொருள் உருபை ‘வொ’ என்று. ‘ன்’ அடுத்த உயிரோடு ஒட்டிக்கொண்டால் ஆங்கில ‘என்’ விசையை இருமுறை அழுத்துங்கள். ஒற்று இரட்டிப்பதைக் காட்டும் சிறிய ‘ட்சு’ வேண்டுமென்றால் அடுத்த மெய்யை இரட்டித்தால் போதும், தானே வந்துவிடும்.